மண்ணின் பிடி

கலங்கிய நீரை மணல் நிரப்பிய பானையில் ஊற்றினால் அடியில் தெளிந்த நீர் சொட்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால், நீரில் முற்றிலும் கரைந்துவிட்ட ஒரு பொருளை மண்ணால் பிடித்து நிறுத்த முடியுமா? கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிந்து நீரோடு நீராக இருக்கிறது. மண்ணின் இடுக்குகளோ அயனியைவிடப் பன்மடங்கு பெரியவை. அப்படியிருக்க, மண் அதை எப்படித் தடுக்கும்?

தடுக்கிறது! வயலில் இட்ட உரம் ஒரே மழையில் அடித்துச் செல்லப்படாமல் பயிருக்குக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மண்ணில் விழும் நச்சு உலோகம் நம் உணவை அடையுமா, அடையாதா என்பதும் இதைப் பொறுத்ததே. மண் அயனிகளைப் பிடிக்கும் விதத்தைப் பார்ப்போம்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் தாம்ப்சன் என்ற நிலக்கிழார் இருந்தார். எருவிலுள்ள அம்மோனியா மழையில் வீணாகிறதா என்பதை அறிய அவர் விரும்பினார். மண்ணுடன் அம்மோனியம் சல்ஃபேட்டைக் கலந்து குழாயில் நிரப்பி, மேலிருந்து நீரை ஊற்றினார். அடியில் வந்த நீரில் பெரும்பகுதி கால்சியம் சல்ஃபேட்டே இருந்தது. அம்மோனியம் மண்ணிலேயே தங்கிவிட்டது!

இச்செய்தியைக் கேட்ட வே என்ற வேதியியலறிஞர் பல உப்புகளைக் கொண்டு விரிவாகச் சோதனைகள் செய்து, 1850-இல் முடிவுகளை வெளியிட்டார். மண் நேர்மின் அயனியைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குச் சமமான அளவில் வேறொரு நேர்மின் அயனியை வெளியே விடுகிறது. சல்ஃபேட், குளோரைடு, நைட்ரேட் போன்ற எதிர்மின் அயனிகள் தடையின்றிக் கீழே இறங்கிவிடுகின்றன. இந்நிகழ்ச்சியை இன்று அயனிப் பரிமாற்றம் என்கிறோம்.

களிமண்ணின் கணக்கு

நேர்மின் அயனிகளைக் கவர வேண்டுமானால் மண்ணிடம் எதிர்மின்னூட்டம் இருக்க வேண்டும் அல்லவா? அது எங்கிருந்து வந்தது?

களிமண் துகள் ஒரு புத்தகத்தைப் போன்றது. மிக மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ஒவ்வோர் ஏடும் சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. அது உருவானபோது நான்கு நேர்மின்னூட்டம் உடைய சிலிக்கன் இருக்க வேண்டிய சில இடங்களில், மூன்றே உடைய அலுமினியம் அமர்ந்துவிட்டது. அலுமினியத்தின் இடங்கள் சிலவற்றில் இரண்டே உடைய மெக்னீசியம் அமர்ந்தது. இப்படி ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேர்மின்னூட்டம் குறைந்ததால், ஏடு முழுவதும் எதிர்மின்னூட்டம் பெற்றது. இக்குறையை ஈடுசெய்யவே கால்சியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் ஏட்டின் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

அந்தப் பரப்பு எவ்வளவு தெரியுமா? நம் கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண்ணில் ஒரு கிராம் எடுத்து, அதன் ஏடுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் 800 சதுர மீட்டர் வரை வரும். ஐந்து கைப்பந்து ஆடுகளங்களின் பரப்பு!

மட்கின் கைகள்

மண்ணில் அயனிகளைப் பிடிக்கும் பொருள் இன்னொன்றும் உண்டு. இலை தழைகள் மட்கி உண்டாகும் கரிய பொருளான மட்குதான் அது. மட்கின் பெரிய மூலக்கூறுகளில் கார்பாக்சில் தொகுதிகள் நிறைய உள்ளன. புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தில் இருப்பதும் இதே தொகுதிதான். இத்தொகுதி தன் ஹைட்ரஜனை அயனியாக நீரில் விட்டுவிட்டு, தான் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. பிறகு வேறோர் அயனியைப் பற்றுகிறது.

பிடிக்கும் திறனைப் பரிமாற்றத் திறன் என்று அளக்கிறார்கள். கயோலினைட் என்ற களிமண்ணில் 100 கிராமுக்கு அது 3 முதல் 15 மில்லிசமானம் வரை இருக்கும். மாண்ட்மோரிலோனைட்டில் 80 முதல் 150. மட்கிலோ 200-க்கும் மேல்! அப்படியானால் மட்கு மிகுந்த மண்தானே எல்லா அயனிகளையும் இறுகப் பிடிக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவை செம்மறி ஆடுகள்!

மூன்று வாரம் இருபத்தாறு ஆண்டானது

1986 ஏப்ரல் 26 அன்று, அப்போதைய சோவியத் யூனியனில் செர்னோபில் அணுஉலை வெடித்தது. கதிரியக்கப் பொருள்கள் காற்றில் கலந்து ஐரோப்பா எங்கும் பரவின. மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டனின் மேட்டு நிலங்களில் பெய்த கனமழை, கதிரியக்கச் சீசியத்தை அங்கே மண்ணில் இறக்கியது. புல்லில் ஏறிய சீசியம் ஆடுகளின் தசையை அடைந்தது. ஒரு கிலோ இறைச்சியில் 1000 பெக்கரலுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்று விதி வந்தது. ஜூன் மாதம் கம்ப்ரியா, வட வேல்ஸ் பகுதிகளில் ஆடுகளை இடம் மாற்றவும் வெட்டவும் தடை விதிக்கப்பட்டது. தடை மூன்று வாரங்களுக்கே என்றார்கள்.

ஏன் மூன்று வாரம்? அதுவரை ஆராயப்பட்டவை பெரும்பாலும் களிமண் நிறைந்த சமவெளி நிலங்கள். அங்கே சீசியத்தை மண் விரைவில் பிடித்துப் பூட்டிவிடும். புதிதாக முளைக்கும் புல்லில் அது மிகக் குறைவாகவே ஏறும். மேட்டு நிலத்திலும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

நடக்கவில்லை. ஆடுகளில் சீசியம் குறையவே இல்லை. தடை நீண்டுகொண்டே போயிற்று. ஏறக்குறைய 9,800 பண்ணைகளும் 40 லட்சத்திற்கும் மேற்பட்ட ஆடுகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. விற்பதற்கு முன் ஆடுகளைக் கருவியால் சோதிக்க வேண்டும். அளவு மிகுந்த ஆட்டுக்குச் சாயம் பூசி அடையாளமிட வேண்டும். கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது எப்போது தெரியுமா? 2012 ஜூனில்! மூன்று வாரம் என்று சொன்னது 26 ஆண்டுகளாயிற்று.

ஒரே அயனி, இரு மண்

அந்த மேட்டு நிலங்களில் இருந்தது பீட் என்னும் மண். குளிரிலும் ஈரத்திலும் பாதியளவே மட்கிய செடிகொடிகளின் குவியல் அது; களிமண் அதில் மிகக் குறைவு.

சீசியம் அயனி பருமனானது. ஒரே ஒரு நேர்மின்னூட்டம் கொண்டது. அதனால் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை அது தளர்வாகவே பிடித்திருக்கிறது, எளிதில் உதறிவிடும். இனி, பழைய புத்தகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஏடுகளின் ஓரம் நைந்து, சற்றே விரிந்திருக்கும். இல்லைட் என்ற களிமண்ணின் ஓரங்களும் வெயிலிலும் மழையிலும் நைந்து அவ்வாறே விரிந்திருக்கின்றன. நீரை உதறிய சீசியம் அந்த ஆப்பு வடிவ இடுக்கில் நுழைகிறது. கால்சியம் நீர்ப் போர்வையோடு வருவதால் அங்கே நுழைய முடியாது. நாளடைவில் ஏடுகள் நெருங்கி மூடிக்கொள்ள, சீசியம் உள்ளே சிறைப்படுகிறது.

பீட்டில் இத்தகைய இடுக்குகள் அரிது. கார்பாக்சில் தொகுதி சீசியத்தை வெறும் மின்கவர்ச்சியால் மட்டுமே பிடிக்கிறது. பக்கத்தில் அம்மோனியம் அயனி வந்தால் இடத்தை விட்டுக் கொடுத்துவிடும். விடுபட்ட சீசியத்தை, அதன் உறவான பொட்டாசியம் என்று செடி ஏமாந்து உறிஞ்சுகிறது. ஆடு செடியைத் தின்கிறது. எச்சத்தின் வழியே சீசியம் மீண்டும் மண்ணுக்கு வருகிறது. இப்படியே சுழற்சி நடக்கிறது. அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டுகள் என்பதால் சீசியம்-137 தானாக அழியவும் அவசரப்படுவதில்லை.

ஆனால் பீட்டுக்குப் பிடிப்பே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்! புளியிட்டுத் துலக்கினால் பித்தளைப் பாத்திரம் பளபளக்கிறதே, ஏன்? புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துத் தாமிர அயனியைப் பற்றிக்கொள்கிறது. மட்கும் அவ்வாறே தாமிரத்தை, நண்டு தன் கொடுக்குகளால் கவ்வுவதுபோல், ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளால் கவ்விக்கொள்கிறது. ஹாலந்தில் பீட் நிலங்களைத் திருத்திப் பயிரிட்டபோது, தானியப் பயிர்கள் தாமிரம் கிடைக்காமல் நோயுற்றன. தாமிர சல்ஃபேட்டை இட்ட பின்பே தேறின. ஒரே பீட் மண் தாமிரத்தை விடாமல் பிடிக்கிறது. சீசியத்தைக் கைநழுவ விடுகிறது!

ஆகவே, “இந்த மண் எவ்வளவு பிடிக்கும்?” என்று கேட்டால் போதாது. எந்த அயனியை, எந்தப் பரப்பு, எந்தப் போட்டியாளர்களுக்கு நடுவில் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தொடக்கத்தில் கேட்காததன் விலையை மேட்டு நிலத்து விவசாயிகள் கொடுத்தார்கள்.

விடையை அறிந்ததால் பயனும் விளைந்தது. நார்வே நாட்டில் கலைமான்களும் ஆடுகளும் நக்கும் உப்புக் கட்டிகளில் பிரஷ்யன் நீலம் என்ற சாயத்தின் இனப்பொருளைக் கலந்தார்கள். அதன் படிகக் கூட்டில் சீசியம் நன்றாகப் பொருந்துகிறது. விலங்கின் குடலிலேயே சீசியம் பிடிபட்டு, இரத்தத்தில் சேராமல் சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. மண் செய்யத் தவறியதை ஒரு சாயம் செய்துவிட்டது!

செய்து பாருங்கள்

இரண்டு புனல்களில் பஞ்சு வைத்து, உலர்ந்த வயல் மண்ணை நிரப்புங்கள். பள்ளி உயிரியல் ஆய்வுக்கூடத்தில் மெதிலீன் நீலமும் இயோசினும் கிடைக்கும். ஆசிரியரின் அனுமதியோடு ஒவ்வொன்றிலும் சில துளிகளை ஒரு குவளை நீரில் கலந்து, தனித்தனிப் புனலில் மெல்ல ஊற்றுங்கள். மெதிலீன் நீலத்தின் நிறம் நேர்மின் அயனியில் உள்ளது. இயோசினின் நிறம் எதிர்மின் அயனியில் உள்ளது. எந்த நிறம் முதலில் கீழே வருகிறது? அடுத்து, கழுவிய ஆற்றுமணல், செம்மண், மட்கிய எரு ஆகியவற்றைக் கொண்டும் செய்து, முடிவுகளை அட்டவணையாக எழுதி ஒப்பிடுங்கள். தாம்ப்சன் தம் குழாயில் கண்ட வியப்பை நீங்களும் காண்பீர்கள்.