படித்த பாடம் எங்கே போனது?

கடந்த தவணைப் பரீட்சையில் உயிரியல் வினாத்தாளில் சிறுநீரகத்தியைப் பற்றி ஒரு கட்டுரை வினா வந்திருந்தது. கண்டதும் சந்தோசம். முந்தைய வாரம்தான் அந்தப் பாடத்தோடு மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எழுதத் தொடங்கினால் நான்கு வரிக்கு மேல் பேனை நகரவில்லை. குறிப்பு கொப்பியின் இடப்பக்கத்தில் இருந்தது, பச்சை மையால் கோடிட்டிருந்தேன் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றிரவு வட்ஸ்அப்பில் வந்த சாச்சியின் மகளுடைய கலியாணப் படங்கள் கூட நினைவில் இருந்தன. மணப்பெண்ணின் சாரிக் கரையில் என்ன வேலைப்பாடு என்று கேட்டிருந்தால் வரைந்தே காட்டியிருப்பேன். பாடம்தான் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, "எனக்கு மறதி கூடிட்டுது" என்றேன். "மறதியில்ல, போன்" என்றார் உம்மா. யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் இருவருக்கும் பாதிப் பாதிதான் புள்ளி.

மறப்பதென்றால் உள்ளே இருந்த ஒன்று போய்விடுவது என்றே நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் அது உள்ளே போனதே இல்லை. கனடாவின் டொரண்டோவில் பெர்கஸ் கிரெய்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சொற்களை மனதில் பதிக்கும் நேரத்தில் இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தபோது, பின்னர் நினைவுக்கு வந்த சொற்கள் நன்றாகக் குறைந்தன. பதிக்கும்போது நிம்மதியாக விட்டுவிட்டு, நினைவுகூரும்போது மட்டும் இடைஞ்சல் கொடுத்தால் அவ்வளவு குறையவில்லை. பரீட்சை மண்டபத்தில் யாரோ இருமுவதைப் பற்றி நாம் குறைசொல்கிறோம். சேதம் அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே, படிக்கும் மேசையில் நடந்து முடிந்துவிடுகிறது.

"நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வேன்" என்று சொல்லும் தோழிகள் இருக்கிறார்கள். நானும் சொன்னவள்தான். யோசித்துச் செய்யவேண்டிய இரண்டு வேலைகளை மூளை பெரும்பாலும் ஒன்றாகச் செய்வதில்லை. ஒன்றை விட்டு மற்றதற்குத் தாவுகிறது, பிறகு திரும்பி வருகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜேர்சில்ட் 1927இலேயே அளந்து காட்டினார். அப்போது போன் எங்கே, வட்ஸ்அப் எங்கே!

அவர் செய்ததைப் போன்ற ஒன்றை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் இரண்டு இலக்க எண்கள் இருபதை மூன்று நிரல்களாக எழுதுங்கள். முதல் நிரலில் ஒவ்வொன்றோடும் 3ஐக் கூட்ட வேண்டும், இரண்டாவதில் 3ஐக் கழிக்க வேண்டும், மூன்றாவதில் ஒன்று கூட்டல், அடுத்தது கழித்தல் என்று மாறி மாறி. என் தம்பிக்கு முதல் நிரல் 41 செக்கன், இரண்டாவது 46, மூன்றாவது 63. கணக்கு ஒன்றும் கடினமாகவில்லை. "இப்ப கூட்டலா கழித்தலா?" என்ற கேள்விதான் நேரத்தைத் தின்றது. (ஒருவரை வைத்துச் செய்தது ஆய்வாகாது என்பது தெரியும். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.)

நேரம் போனால் இன்னும் கொஞ்சம் விழித்திருந்து படிக்கலாம். எனக்குப் பயத்தைத் தந்தது வேறொன்று. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், உருவங்கள் உள்ள சில அட்டைகளைப் பார்த்து மழையா வெயிலா என்று ஊகிக்க இளைஞர்களைப் பழக்கினார்கள். ஒரு பகுதியில் அந்த வேலை மட்டும். மற்றப் பகுதியில், பழகும்போதே காதில் விழும் ஒலிகளில் உச்சமானவற்றை எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டும். ஊகிப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்த அட்டைகளைப் பற்றிக் கேள்வி கேட்டபோது, ஒலியை எண்ணிக்கொண்டு பழகியவற்றுக்குப் பதில் சொல்லத் தடுமாறினார்கள். மூளைப் படங்களும் அதையே சொல்லின. கவனம் சிதறாதபோது, சொல்லி விளக்கக்கூடிய அறிவைச் சேர்க்கும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி கற்றலோடு சேர்ந்து இயங்கியது. கவனம் சிதறியபோது, பழக்கங்களைப் பதிக்கும் ஸ்ட்ரையேற்றம் என்ற பகுதி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

சைக்கிள் ஓட்டப் பழக்கம் போதும். சிறுநீரகத்தி ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்று எழுதப் போதாது. கொப்பியைத் திறந்தால் எல்லாம் தெரிந்ததுபோல இருந்ததும், மூடினால் பச்சைக் கோடு மட்டும் மிஞ்சியதும் ஏன் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. இப்போது ஒரு பக்கம் முடிந்ததும் கொப்பியை மூடிவிட்டு, தெரிந்ததை ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு முன்பே வெட்கப்பட்டுவிடலாம்.

உம்மாவுக்கு ஏன் பாதிப் புள்ளி? அந்த மூன்று மணித்தியாலத்தை மறுபடி எண்ணிப் பார்த்தேன். போனை எத்தனை தடவை எடுத்தேன் என்று கணக்கில்லை. அது என் குற்றம். வகுப்புக் குறிப்புகள் வருவதும் அதே போனில்தான் என்பது ஒரு சாட்டு. அவற்றை முன்பே கொப்பியில் எழுதி வைத்திருக்கலாம். ஆனால் "மகள், ரொட்டியக் கொஞ்சம் பிரட்டி விடுங்க", "மகள், வாசல்ல யாரு?", "மகள், வாப்பாக்கு பிளேன்டீ" என்று மூன்று தடவை எழுந்ததும் உண்மை. முடியாத வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியிருக்கிறார். ரொட்டியைப் பிரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் மூளையும் உடனே வந்து உட்காராது. அதே மேசையின் மறுபக்கத்தில் படித்த தம்பியை ஒருவரும் கூப்பிடவில்லை.

இதை உம்மாவிடம் சண்டையாகச் சொல்லவில்லை. மஃரிபுக்குப் பின்னர் இஷாவரை போன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும், என்னை யாரும் கூப்பிடுவதில்லை, வேலைகளை அதற்கு முன்னும் பின்னும் தம்பியும் நானும் பங்கிட்டுக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கணக்க எனக்கும் தாங்க பாப்பம்" என்றார்.

முதல் நிரல் 33 செக்கன். தம்பியை விட வேகம். மூன்றாவது நிரலில் ஏழாவது எண்ணுக்கு வந்தபோது உள்ளறையிலிருந்து தம்பியின் குரல்: "உம்மா, என்ட சப்பாத்து எங்க?" உம்மா பேனையை வைத்துவிட்டு எழுந்தார்.