ஓடி வந்தவரை உற்றுப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு காலணி மாட்டிக்கொண்டு புறப்பட்ட உங்கள் கணவரோ மகனோ, எட்டு மணியளவில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார். திறந்து பார்த்தால், காலையில் போனவர்தானா இவர் என்னும் ஐயம் எழுகிறது. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நெற்றியிலும் காதோரத்திலும் வெள்ளையாய் ஏதோ படிந்திருக்கிறது. சட்டையின் மார்புப் பகுதியில் இரண்டு சிறு இரத்தக் கறைகள். காலணியைக் கழற்றினால் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. “யா அல்லாஹ்! இப்படியா உடம்பை வதைத்துக்கொள்வது?” என்று உம்மாமார்கள் பதறுவதில் வியப்பில்லை.

அன்பு வாசகர்களே! பரிசுக்காக அன்றி, உடல்நலத்துக்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் ஓடுகிறவர்களை விடுமுறைநாள் வைகறையில் சென்னை மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் காணலாம். வாரநாட்களில் சிறிது தூரமே ஓடும் இவர்கள், அன்று மட்டும் மெதுவான வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடுவர். 42.195 கிலோமீட்டர் மாரத்தானுக்கு ஆயத்தமாகிறவர்கள் 30 கிலோமீட்டர் வரை செல்வதும் உண்டு. ஓட்டம் நமக்கு அந்நியமானதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையாரும் பின்னொரு முறை பெருமானாரும் முந்தியதும் அபூதாவூத் ஹதீஸ் நூலில் பதிவாகியுள்ளன. ஆகவே, ஓடலாமா என்பதன்று இங்கே கேள்வி. ஓடி வந்தவரின் உடலில் தெரியும் அடையாளங்களுள் அஞ்சத்தக்கது எது என்பதே கேள்வி. நாமோ பெரும்பாலும் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதைக் கவனியாது விடுகிறோம்.

முகத்தில் படிந்த வெண்மை வெறும் உப்புதான். வியர்வையின் நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. கறுப்புச் சட்டையில் அது உப்பளத்து வரப்புபோல் கோடு கோடாய்த் தெரியும். குளித்தால் போய்விடும். மார்பில் கண்ட இரத்தம், ஈரத்துணி மணிக்கணக்கில் உரசியதன் விளைவு. வாசலின் தடவிக்கொண்டு ஓடினால் பெரிதும் தவிர்க்கலாம். தொழுகைக்கு அந்தச் சட்டையை மாற்றிக்கொள்ளட்டும். (வழிந்த இரத்தத்தால் ஹனஃபி மத்ஹபினருக்கு ஒளு முறியும், ஷாஃபியினருக்கு முறியாது.)

ஒட்டிய கன்னத்தைக் கண்டு, பிள்ளை இளைத்துவிட்டான் என்று வருந்த வேண்டாம். கொழுப்பு கரைந்துவிட்டது என்று அவனும் மகிழ வேண்டாம். குறைந்தது பெரும்பாலும் நீரே. ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது என்று பொருள். சில மணி நேரத்தில், உணவோடு சேர்த்துச் சிறிது சிறிதாய்ப் பருகினால் போதும்.

எடை கூடியிருந்தால்? அங்கேதான் ஆபத்து. அளவுக்கு மீறி நீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் வீங்கி மோதிரம் இறுகும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் தோன்றும். 2002ஆம் ஆண்டு போஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஆய்வு 2005இல் வெளியானது. இத்தகையவருக்கு, “தண்ணீர் குடி, தண்ணீர் குடி” என்று பாசத்தோடு செம்பு செம்பாய் ஊற்றுவது உயிருக்கே உலை வைக்கும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, உடல் அனலாய்க் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். ஓடுபவருக்கு வியர்வை நிற்காமலேயே வெப்பத்தாக்கு வரலாம். 108க்கு ஒருவர் அழைக்கட்டும். மற்றவர்கள் வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதியாதலால் வியர்வை உலராமல் சொட்டுகிறது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. கோடையில் விடிந்தபின் நெடுந்தூரம் ஓடுவதை நான் வீரமென்று சொல்லமாட்டேன்.

இன்னோர் அடையாளம் பிறர் கண்ணில் படாதது. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இறங்கினால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கும் பழக்கம் சிறுநீரகத்துக்கு மேலும் கேடு செய்யும்.

மறுநாள் படியிறங்கும்போதும், ஸுஜூதிலிருந்து எழும்போதும் முகம் சுளிக்கிறாரா? தொடைத் தசையின் அந்த வலி இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும்.

கறுத்த நகத்துக்கு வருவோம். காலணியின் முனையில் விரல் ஆயிரக்கணக்கான முறை இடித்ததால் நகத்தடியில் இரத்தம் கட்டியிருக்கிறது. ஊசியால் குத்த வேண்டாம். நீரிழிவு உள்ளவர் மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நகம் வளர வளரக் கறையும் முன்னோக்கி நகர வேண்டும். நகராமல் நின்றால் அதையும் காட்டுங்கள். காலணியில் விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நகம் களையும் நம் வழக்கமே ஞாயிற்று ஓட்டத்துக்கும் உதவும். விழுந்த நகம் முழுமையாய் வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும்; வருகிற பெருநாளுக்குள் முளைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.