பெயரைக் கேட்டுச் சுட்ட ஊர்

2006-ல் உமர் என்ற பெயரோடு பாக்தாத் சோதனைச் சாவடியைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். ஷியா ஆயுதக்குழு நின்ற சாவடியில் உமர்கள் செத்தார்கள். சன்னிக் குழு நின்ற இடத்தில் அலிகள். அடையாள அட்டையில் மதப்பிரிவு கிடையாது. பெயரும் பிறந்த ஊருமே காட்டிக்கொடுத்தன. அதனால் பலர் இரண்டு அட்டை வைத்துக்கொண்டார்கள். ஒன்று நிஜம், இன்னொன்று போலி. எந்தச் சாவடியில் எதை நீட்டுவது என்று தப்புக்கணக்குப் போட்டால் கதை முடிந்தது.

‘ஷியா-சன்னி மோதல் ஆயிரம் ஆண்டுப் பகை, அந்நியப் படை என்ன செய்யும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1991-ல் சதாம் ஆட்சியில் தெற்கு ஈராக்கின் ஷியா மக்கள் கொன்று குவிக்கப்பட்டதை மறுக்க முடியாதுதான். ஆனால் அதே பாக்தாத்தில் கலப்புத் திருமணங்கள் சர்வசாதாரணமாக இருந்தன. 2005 ஆகஸ்ட் 31 அன்று, ஷியா பகுதியான காதிமியாவையும் சன்னிப் பகுதியான அதாமியாவையும் இணைக்கும் பாலத்தில், தற்கொலைப் படையாள் வந்துவிட்டான் என்ற வதந்தியில் ஷியா யாத்ரீகர்கள் நெரிந்து செத்தார்கள். 900 பேருக்கு மேல். டைக்ரிஸ் ஆற்றில் விழுந்தவர்களைக் காப்பாற்றக் குதித்தவர்களில் எதிர்க்கரை சன்னி இளைஞர்களும் இருந்தார்கள். ஒருவர் பலரைக் கரைசேர்த்துவிட்டு மூழ்கிப்போனார்.

பகையைவிட எனக்குப் பயம் தருவது தலை எண்ணும் பழக்கம். 2003-ல் அமெரிக்கா படையெடுத்த பின், மே மாதம் ஈராக் ராணுவம் கலைக்கப்பட்டு, லட்சக்கணக்கானோர் துப்பாக்கிப் பயிற்சியோடு வீதிக்கு வந்தார்கள். ஜூலையில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அமைத்த ஆட்சிமன்றத்தில் 25 பேர்: ஷியா 13, சன்னி அரபு 5, குர்து 5, துருக்மேன் 1, அசிரியக் கிறிஸ்தவர் 1. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரைக்கூட ஷியா கணக்கில்தான் சேர்த்தார்கள்! கொள்கைக்கு நாற்காலி இல்லை, பிரிவுக்குத்தான் உண்டு என்றான பிறகு எந்த அரசியல்வாதி கொள்கை பேசுவான்?

2006 பிப்ரவரியில் சாமர்ராவில் ஷியா புனிதத்தலத்தின் தங்கக் குவிமாடம் தகர்க்கப்பட்டதும் கட்டுப்பாடு கைமீறியது. அந்த ஓராண்டில் 34 ஆயிரத்துக்கும் அதிகமான பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கிட்டது. இப்போது அமெரிக்கப் படை என்ன செய்ய வேண்டும்? விலகினால் ரத்த ஆறு. இருந்தால், யாரைக் காப்பாற்றினாலும் மற்றவனுக்கு எதிரி. 2007-ல் கூடுதல் துருப்புகள் வந்தன. அதாமியாவைச் சுற்றி 12 அடி உயர கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். ஒவ்வொரு துண்டும் ஆறு டன்னுக்கு மேல். பகுதிவாசிகளே எதிர்த்து ஊர்வலம் போனார்கள். பிறகு கொலைகள் குறைந்தன, உண்மை. ஆனால் அதற்குள் பல கலப்புக் குடியிருப்புகள் ஒற்றைப் பிரிவுக் குடியிருப்புகளாகிவிட்டிருந்தன. மாதம் 300 டாலர் கொடுத்துக் காவலுக்குச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் பேரில், பெரும்பாலும் சன்னிகள், பலருக்கு வாக்களித்த அரசு வேலை வரவில்லை.

2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். அமைப்பிடம் விழுந்தது. ஆகஸ்டில் அமெரிக்கப் போர் விமானங்கள் திரும்பி வந்தன.

சட்டத்தில் எழுதப்படாத வழக்கம் ஒன்று 2005 முதல் நீடிக்கிறது: ஜனாதிபதி குர்து, பிரதமர் ஷியா, சபாநாயகர் சன்னி. இந்தப் பங்கீடே வேண்டாம் என்று 2019 அக்டோபரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் ஷியா வீட்டுப் பிள்ளைகள், எதிர்த்ததோ ஷியாக்கள் தலைமையிலான அரசை. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பங்கீடு மட்டும் அப்படியே இருக்கிறது.