வரிசையில் போன கூலி!

"கூலி வந்துவிட்டதா?" இதைத் தெரிந்துகொள்ள வங்கி வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய வேலை போய்விடும்!

திருவனந்தபுரம் மாவட்டம் புல்லம்பாறை ஊராட்சியில் 100 நாள் வேலைக்குப் போகிறவர்கள் பட்ட பாடு இது.

அவர்களைத் தேடித் தொண்டர்கள் போனார்கள். வேலை நடக்கும் இடமே பள்ளிக்கூடம், செல்போனே சிலேட்டு! முகம் பார்த்துப் பேசவும், இன்டர்நெட்டில் தேடவும் கற்றுக் கொடுத்தார்கள்.

2022-ல் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2025-ல் கேரள மாநிலமே அந்தப் பெயரை எடுத்தது. படித்தவர்களில் ஒருவருக்கு வயது 105!

உங்கள் அம்மாவுக்குச் சொல்லித் தருகிறீர்களா? போனைப் பிடுங்கி நீங்களே அழுத்தாதீர்கள். அவர் விரல் அழுத்தட்டும். ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. இதுவே முதல் பாடம்.

வரிசையில் போன கூலி, இனி வீடு வந்து சேரும்!