கடல் தாண்டிய ஃபோக்போட்: ஒரு மரப்படகு கிளப் வெளிநாட்டில் கிளை விடும்போது

ஒரு நாட்டில் பிறந்த பழைய ரக மரப்படகுக்கு இன்னொரு நாட்டில் கிளப் ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து படகைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் ஆச்சு என்றுதான் முதலில் தோன்றும். அது சுலபமான பகுதி. எது அந்தப் படகு, எது அது இல்லை என்று சொல்லும் அளவுகோலும் கூடவே போய்ச் சேரவேண்டும். கஷ்டம் அதில்தான். எனக்குப் பிடித்த உதாரணம், ஸ்காண்டிநேவியாவின் ஃபோக்போட் சான் ஃபிரான்சிஸ்கோ போன கதை.

ஃபோக்போட் என்றால் மக்கள் படகு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம், சாதாரணச் சம்பளக்காரரும் வாங்குகிற மாதிரி, குடும்பத்தோடு ராத்திரி தங்குகிற மாதிரி, பந்தயமும் விடுகிற மாதிரி ஒரு பாய்ப்படகு வேண்டும் என்று ஸ்காண்டிநேவியப் பாய்ப்படகுச் சங்கம் போட்டி அறிவித்தது. ஐம்பதுக்கு மேல் வரைபடங்கள் வந்தன. ஒன்றுகூட முழுத் திருப்தி தரவில்லை. அதனால் நல்லதாகப் பட்ட சிலவற்றின் அம்சங்களைச் சேர்த்து வரைந்து தரச்சொல்லி டோர்ட் சுண்டேன் என்பவரிடம் கொடுத்தார்கள். கமிட்டி போட்டுச் செய்த டிசைன் உருப்படாது என்று எங்கள் மென்பொருள் தொழிலில் சொல்வோம். இது உருப்பட்டது. 1942-ல் கோத்தன்பர்க்கில் முதல் படகு தண்ணீரில் இறங்கியது.

நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர். மொத்த எடை சுமார் 1,930 கிலோ, அதில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் இரும்பு. பலகைகளை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று ஏற்றி அடித்துக் கட்டுவார்கள். இதற்கு கிளிங்கர் கட்டு என்று பெயர். பக்கவாட்டில் வரிவரியாகத் தெரியும் அந்தக் கோடுகள்தான் ஃபோக்போட்டின் முகம்.

1950-களில் இந்தப் படகுகள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு வரத் தொடங்கின. பொருத்தமான இடம். கோடைக்கால மதியங்களில் கோல்டன் கேட் இடுக்கு வழியாக 20, 25 நாட் வேகத்தில் காற்று அடிக்கும். இலேசான படகுகள் அங்கே தடுமாறும். அடிகனமான ஃபோக்போட் நிதானமாகப் போகும்.

இங்கே ஒரு அடிப்படை விஷயம். பாய்ப்படகுப் பந்தயத்தில் இரண்டு வழி உண்டு. வெவ்வேறு படகுகளை ஓடவிட்டு, நேரத்தில் கூட்டிக் கழித்து வெற்றியாளரைக் கண்டுபிடிப்பது ஒன்று. எல்லாப் படகும் ஒரே அச்சு, முதலில் கோட்டைத் தாண்டுபவர் ஜெயித்தார் என்பது இன்னொன்று. ஃபோக்போட் இரண்டாவது ரகம். அப்படியென்றால் கிளப்பின் உண்மையான சொத்து அந்த விதிப்புத்தகம்தான். பலகையின் கனம், மொத்த எடை, பாயின் அளவு எல்லாம் அதில் இருக்கிறது. கடலுக்கு அந்தப்பக்கம் ஒருவர் பலகையைக் கொஞ்சம் மெல்லிசாகச் சீவினால் படகு வேகமாகும், அடுத்தவரும் சீவுவார். பத்து வருடத்தில் பெயர் மட்டும் ஒன்றாக இருக்கும், படகு வேறாகிவிடும். எங்கள் பாஷையில் இதுதான் ஃபோர்க். அதனால் வெளிநாட்டுக் கிளைக்கு முதலில் தேவைப்படும் ஆள் தலைவரோ பொருளாளரோ இல்லை. டேப்பும் தராசும் கையில் வைத்துக்கொண்டு, கூட்டாளி மனஸ்தாபப்பட்டாலும் பரவாயில்லை என்று அளக்கக்கூடிய ஒருத்தர்.

விதி ஒன்றாக இருக்கலாம், தண்ணீர் ஒன்றாக இருக்காதே. பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அதில் பிழைக்காது. (பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி வகையறா.) 1628-ல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பலை 1961-ல் ஏறக்குறைய முழுசாக மேலே தூக்க முடிந்ததற்கு இது முக்கியக் காரணம். சான் ஃபிரான்சிஸ்கோ அப்படியில்லை. 1920-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் இதே ஜீவன் அந்த வளைகுடாவின் மரத் துறைகளைத் தின்று சரித்திருக்கிறது. அங்கே மரப்படகு வைத்திருப்பவர் அடிப்பாகத்துக்குச் செம்பு கலந்த பூச்சைத் தவறாமல் அடித்தாக வேண்டும். ஸ்வீடன்காரர் குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிவிடுவார். கலிஃபோர்னியாவில் வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். உப்புத்தண்ணீர் மரத்தை ஓரளவு காக்கும். மேல்தளத்தில் தேங்கும் மழைத்தண்ணீர்தான் உளுக்க வைக்கும். ஆக, கிளைக்காரர்கள் பராமரிப்பைத் தாய்க் கிளப்பிடம் கடன் வாங்க முடியாது, சொந்தமாகத்தான் கற்கவேண்டும்.

அப்புறம் ஃபைபர் கிளாஸ் வந்தது. 1960-களில் சுண்டேனே வழவழப்பான ஃபைபர் உடம்போடு, கொஞ்சம் நீளமாக, இன்டர்நேஷனல் ஃபோக்போட் என்று ஒன்றை வரைந்தார். ஆயிரக்கணக்கில் விற்றது. ஆனால் வரைந்த கை அதே கை என்றாலும் அது தனி இனமாகத்தான் போனது, பழையதோடு சேர்த்துப் பந்தயம் கிடையாது. 1970-களில் வந்த இன்னொரு ஃபைபர் படகின் கதை நேர்மாறு. பலகைக் கோடுகளைக்கூட அச்சில் அப்படியே வார்த்து, மரப்படகைவிட வேகமாகவும் போகாமல் மெதுவாகவும் போகாமல் எடையைப் பொருத்தினார்கள். அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று புறப்படுகின்றன. ஃபைபரை அனுமதித்தது துரோகம் என்று சொல்லும் மரப்பிரியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. புதுப் படகு வராமல் போயிருந்தால் பந்தயத்துக்கு ஆள் குறைந்திருக்கும். ஆள் குறைந்தால் பழைய மரப்படகுக்குச் செலவு செய்யக் காரணமும் குறைந்திருக்கும்.

சரி, தாயும் கிளையும் நேருக்கு நேர் மோதுவது எப்படி? இரண்டு டன் படகை ஒவ்வொரு தடவையும் கடல் கடத்துவது கட்டுப்படியாகாது. அதனால் யாரும் படகு கொண்டுவருவதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு டென்மார்க்கிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் ஆட்கள் மட்டும் விமானத்தில் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் படகையே இரவல் கொடுக்கிறார்கள். நார்வேயில் 1943-ல் பிறந்த நார் என்ற படகும் இதே வளைகுடாவில் கிளை விட்டது. அதன் சர்வதேசப் போட்டியில் இன்னும் ஒரு படி மேல்: ஒவ்வொரு பந்தயத்துக்கும் குழுக்கள் படகு மாறி ஏறவேண்டும். காலையில் உங்கள் எதிராளி ஓட்டிய படகை மதியம் நீங்கள் ஓட்டுவீர்கள். யாராவது பலகையைச் சீவியிருந்தால், அந்த வாரம் முடிவதற்குள் எல்லோருக்கும் கையிலேயே தெரிந்துவிடும்.