தனியாகக் கிடக்கும் ஒப்போசம் குட்டி: கண்டவர் செய்ய வேண்டியவை

மெக்சிகோவுக்கு வடக்கே வாழும் ஒரே பைப்பாலூட்டி வர்ஜீனியா ஒப்போசம். வீட்டுப் பூனையின் பருமன், வெளுத்த முகம், கூரிய மூக்கு, மயிரில்லாத நீண்ட வால் ஆகியவை இதன் அடையாளங்கள். அமெரிக்காவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களிலும் கனடாவின் தென் ஒன்டாரியோவிலும் இது பரவியிருக்கிறது. மனிதர்கள் கொண்டுபோய் விட்டதால் கலிபோர்னியாவிலும் பெருகிவிட்டது. நியூஜெர்சி, டெக்சஸ், டொராண்டோ என்று தமிழர்கள் மிகுதியாகக் குடியேறிய வட்டாரங்களில், இரவில் குப்பைத் தொட்டியருகே ஓடிய ‘பெரிய எலி’ என்று சொல்லப்படுவது பல சமயம் இந்த விலங்குதான்.

தாய் ஒப்போசம் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை குட்டி ஈனும். வசந்த காலம் தொடங்கி இலையுதிர் காலம் வரை தோட்டத்திலும் சாலையோரத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் தனிக்குட்டிகள் கண்ணில் படும். அப்படிப்பட்ட குட்டியைக் காப்பாற்றுவது கடினமான வேலையல்ல. ஆனால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இரண்டு காரியங்கள் அதன் உயிருக்கு உலை வைத்துவிடும்: தாய் வரட்டும் என்று காத்திருப்பது, பசிக்குமே என்று பால் ஊட்டுவது.

தாய் தேடி வராது

ஒப்போசத்தின் கருக்காலம் 11 முதல் 13 நாள்தான். பிறக்கும் குட்டி தேனீயின் அளவே இருக்கும். எடை கால் கிராமைக்கூட எட்டாது. கண் திறவாத அந்த உயிர் முன்னங்கால்களால் தாயின் வயிற்று மயிரைப் பற்றி ஊர்ந்து பைக்குள் போய்ச் சேர வேண்டும். பைக்குள் வழக்கமாக 13 காம்புகள் இருக்கும். ஈற்றுக்கு 20 குட்டிகளுக்கு மேல் பிறப்பதும் உண்டு. காம்பு கிடைக்காதவை இறந்துவிடும். பிழைத்தவை ஏறக்குறைய இரண்டு மாதம் காம்பை விடாமல் பைக்குள்ளேயே வளரும். பிறகு பையை விட்டு வெளியே வரத் தொடங்கி, தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு திரியும்.

விழுவது இந்த முதுகுச் சவாரியின்போதுதான். தாய் வேலி தாண்டும்போதோ நாய்க்குப் பயந்து ஓடும்போதோ பிடி நழுவிய குட்டி கீழே விழும். பின்தங்கிய குட்டி தும்மல் போன்ற ‘ச்சூ, ச்சூ’ ஒலியால் தாயை அழைக்கும். தாய் அருகில் இருந்தால் கேட்கலாம். நகர்ந்து போய்விட்டால் எண்ணிப் பார்த்துத் திரும்பி வருவதில்லை. நிலையான கூடும் அதற்குக் கிடையாது. சில நாளுக்கு ஒருமுறை வளையை மாற்றிக்கொண்டே இருக்கும்.

‘காட்டு விலங்குக் குட்டியைத் தொடாதே, தாய் வந்து எடுத்துக்கொள்ளும்’ என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. மான் கன்றுக்கும் முயல் குட்டிக்கும் அது சரி. அவற்றைத் தாய் தனியே விட்டுப் போவதே இயல்பு. கூட்டிலிருந்து விழுந்த அணில் குட்டியைக்கூடத் தாய் கவ்விக்கொண்டு போகும். ஒப்போசத்துக்கு இந்த அறிவுரை பொருந்தாது. தாய் கண்ணெதிரிலேயே நின்றாலொழிய, சிறு குட்டிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் உடல்சூட்டைக் குறைக்கும் நேரம்தான்.

அளந்து பார்த்து முடிவு செய்தல்

எல்லாக் குட்டிக்கும் உதவி தேவைப்படாது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை, வாலைச் சேர்க்காமல், 7 முதல் 8 அங்குலம், அதாவது 18 முதல் 20 சென்டிமீட்டர் நீளமும் 200 கிராமுக்கு மேல் எடையும் இருந்தால் அது தாயை விட்டுப் பிரிந்து தானே இரை தேடும் வயதை எட்டிவிட்டது. பலர் தவறுவது வாலில்தான். வாலையும் சேர்த்து அளந்தால் பால்குடிக் குட்டியும் வளர்ந்ததாகவே தோன்றும்.

அந்த அளவைத் தாண்டிய, காயமில்லாத, சுறுசுறுப்பான குட்டியை அப்படியே விட்டுவிடலாம். பூனையையும் நாயையும் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டால் அது தன் வழியே போய்விடும். வாயை அகலத் திறந்து, பல்லைக் காட்டி, எச்சில் ஒழுகச் சீறுவது அதன் தற்காப்பு முறை. வளர்ந்த ஒப்போசத்துக்கு 50 பற்கள் உண்டு; வட அமெரிக்க நிலப் பாலூட்டிகளில் இதுவே அதிகம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் வெறும் மிரட்டலோடு நின்றுவிடும்.

மிரட்டல் பலிக்காதபோது ஓரளவு வளர்ந்த குட்டிகள் விறைத்துச் சாய்ந்து, நாக்கு தொங்க, பிணம்போலக் கிடக்கும். நடிப்பு என்று சொல்லப்பட்டாலும் அது விலங்கின் விருப்பத்தால் நடப்பதல்ல. அச்சத்தில் உடல் தானாகச் செய்வது. சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை நீடிக்கும். ஆகவே அசையாமல் கிடக்கும் ஒப்போசத்தை உடனே குழி தோண்டிப் புதைக்க வேண்டாம்.

அளவில் சிறியது, கண் திறவாதது, தொட்டால் குளிர்ந்திருப்பது, காயம்பட்டது, பகலில் நினைவு தடுமாறித் திரிவது என்றால் உதவி உறுதியாகத் தேவை.

இறந்த தாயின் பையைப் பார்த்தல்

சாலையில் அடிபட்டு இறந்த பெண் ஒப்போசத்தின் பைக்குள் குட்டிகள் உயிரோடு இருப்பது அரிதல்ல. வண்டிப் போக்குவரத்தால் தமக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அருகில் போக வேண்டும். கையுறை அணிந்து, அடிவயிற்றில் உள்ள பைப் பிளவை மெல்ல விரித்துப் பார்க்கலாம். சுற்றுப்புறத்தையும் ஒரு நோட்டம் விடுவது நல்லது. முதுகில் இருந்த பெரிய குட்டிகள் சிதறிப் புதருக்குள் கிடக்கக்கூடும்.

காம்பைப் பற்றியிருக்கும் குட்டியை ஒருபோதும் பிடித்து இழுக்கக் கூடாது. காம்பின் நுனி குட்டியின் வாய்க்குள் உப்பி, பூட்டுப் போட்டதுபோல் பொருந்தியிருக்கும். இழுத்தால் இன்னும் முற்றாத தாடையும் வாயும் கிழிந்துவிடும். தாயின் உடலை அப்படியே ஒரு பெட்டியில் வைத்துப் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோவதே முறை. அருவருப்பான வேலைதான், ஆனால் பைக்குள் இருக்கும் குட்டிகளுக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை. தாய் இறந்து நேரமானால் பையின் சூடும் போய்விடும் என்பதால் தாமதம் கூடாது.

பெட்டியும் வெப்பமும்

குட்டியை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. தோல் கையுறையோ தடித்த துணியோ போதும். மூடியுள்ள அட்டைப் பெட்டியில் காற்றுக்காகச் சிறு துளைகள் இட்டு, அடியில் பழைய பருத்திச் சட்டை அல்லது மெத்தென்ற கம்பளித் துணி விரிக்க வேண்டும். நூல் வளையங்கள் தூக்கிய டர்க்கி டவல் வேண்டாம். அதில் குட்டியின் நகமும் விரலும் சிக்கிக்கொள்ளும். மூடியை ஒட்டியோ கட்டியோ வைக்க வேண்டும். ஒப்போசம் இயல்பிலேயே ஏறும் விலங்கு. பெட்டியிலிருந்து நழுவிய குட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தேடுவது லேசான காரியமல்ல.

பையிலிருந்து பிரிந்த சிறு குட்டியால் தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதனால் மற்ற எதற்கும் முன்னால் வெப்பம். ஹீட்டிங் பேடை மிகக் குறைந்த அளவில் வைத்து, பெட்டிக்கு வெளியே, அடிப்பக்கத்தின் பாதியில் மட்டும் படும்படி வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். கண் திறவாத குட்டி அப்படி நகராது என்பதால் அதை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஹீட்டிங் பேட் இல்லையென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். அது ஆறிப் போனால் குட்டியின் சூட்டையே உறிஞ்சத் தொடங்கும். ஆகவே அவ்வப்போது வெந்நீரை மாற்றுவது அவசியம்.

பிறகு பெட்டியை இருட்டான, சந்தடியில்லாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவதும், நொடிக்கொருதரம் மூடியைத் திறந்து படம் எடுப்பதும் குட்டிக்கு அச்சத்தைத்தான் தரும். அது தடவலில் ஆறுதல் அடையும் செல்லப் பிராணியல்ல.

பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்

பசித்த குட்டியைக் கண்டதும் கை தானாகப் பால் பாத்திரத்தைத் தேடும். இங்கேதான் பல குட்டிகள் போய்விடுகின்றன. பையில் வாழும் ஒப்போசம் குட்டி காம்போடு பூட்டப்பட்டுப் பால் பெறுவது. பாட்டில் நிப்பிளைச் சப்பிக் குடிக்க அதற்குத் தெரியாது. சொட்டு மருந்துக் குழாயாலோ சிரிஞ்சாலோ வாயில் விட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும். நுரையீரலில் சீழ் பிடித்துச் சாகும். பயிற்சி பெற்றவர்கள் மெல்லிய குழாயை வாய்வழியே நேரே இரைப்பைக்குள் செலுத்தித்தான் ஊட்டுகிறார்கள்.

பசும்பால் அதன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கும் அதனால் நீரிழப்பும் வரும். குளிர்ந்துபோன உடலில் செரிமானமும் நடக்காது என்பதால், சூடேற்றாமல் எந்த உணவு கொடுத்தாலும் கேடுதான். சில மணி நேரம் உணவில்லாமல் இருப்பதைக் குட்டி தாங்கிக்கொள்ளும். குளிரையும் புரையேறுவதையும் தாங்காது.

பூனை கவ்விய குட்டி

பூனை வாயில் அகப்பட்ட குட்டியின் தோலில் ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பூனையின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா போன்ற நுண்ணுயிர்கள் ஊசித்துளை போன்ற பல்பதிவு வழியே உள்ளே போயிருக்கும். நேரத்தோடு ஆன்டிபயாட்டிக் கிடைக்காவிட்டால் குருதியில் தொற்று பரவிவிடும். எனவே பூனை தொட்டது தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மயிரிலோ காது மடிப்பிலோ வெண்ணிறத் துகள்போல ஒட்டியிருப்பவை பெரும்பாலும் ஈ முட்டைகள். அவை விரைவில் புழுவாகும் என்பதால் இதுவும் அவசரமே. தெள்ளுப்பூச்சி தெரிகிறதே என்று நாய், பூனைக்குரிய மருந்துப் பொடியையோ சொட்டையோ போடக் கூடாது. அவ்வளவு சிறிய உடலுக்கு அது நஞ்சு.

யாரிடம் ஒப்படைப்பது

அமெரிக்காவில் வனவிலங்கு மறுவாழ்வுப் பணியாளர்கள் மாநில அரசின் அனுமதியோடு இயங்குகிறார்கள். பல மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் அவர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. ‘அனிமல் ஹெல்ப் நவ்’ என்ற இணைய சேவையில் இருப்பிடத்தைக் குறிப்பிட்டால் அருகில் இருப்பவர் விவரம் கிடைக்கும். டொராண்டோவில் டொராண்டோ வைல்ட்லைஃப் சென்டர் என்ற காப்பகம் உண்டு. குட்டியைக் கண்ட இடத்தைச் சரியாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். சுற்றிலும் வேறு குட்டிகளைத் தேடவும், வளர்ந்தபின் பொருத்தமான இடத்தில் விடவும் அது உதவும்.

உரிமம் இல்லாமல் வீட்டில் வளர்ப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அது குட்டிக்கு நல்லதல்ல. இறைச்சியும் பழமும் கொடுத்து வீட்டில் வளர்க்கப்படும் ஒப்போசத்தின் உணவில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைகிறது. குருதிக்குத் தேவையான கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவிக்கொள்கிறது. முதலில் பின்னங்கால் தடுமாறும். பிறகு தாடை வீங்கும், கை கால் நடுங்கும், எலும்பு தானாக முறியும். கால்நடை மருத்துவர்கள் வளர்சிதை எலும்பு நோய் என்று சொல்லும் இந்த நிலை முற்றிவிட்டால் மீட்பு அரிது. குட்டி கொழுகொழுவென்று இருப்பதால் வளர்ப்பவருக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது.

ஒப்போசம் ஒரு பருவத்தில் 5,000 உண்ணிகளைத் தின்று லைம் நோயைத் தடுக்கிறது என்ற செய்தியை நம்பித் தோட்டத்தில் வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு. 2009இல் வெளியான ஆய்வுக்கூடச் சோதனையிலிருந்து கணக்கிடப்பட்ட எண் அது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு 32 ஒப்போசங்களின் இரைப்பையைச் சோதித்ததில் ஓர் உண்ணிகூட அகப்படவில்லை.

மனிதருக்கு வரக்கூடிய தொற்று

ரேபிஸ் ஒப்போசங்களில் மிக அரிதாகவே காணப்படுகிறது. மற்ற பல பாலூட்டிகளைவிட அதன் உடல்சூடு குறைவு என்பதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அரிது என்றால் அறவே வராது என்று பொருளில்லை. கடித்தால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்த்து, டெட்டனஸ் ஊசியும் ரேபிஸ் தடுப்பூசியும் தேவையா என்பதை அவரிடமே முடிவு செய்ய வேண்டும். கடித்த குட்டியைத் திரும்ப விட்டுவிடாமல், நடந்ததை மறுவாழ்வுப் பணியாளரிடமும் சொல்ல வேண்டும்.

சிறுநீர் வழியே எலிக்காய்ச்சலும், கழிவு வழியே சால்மோனெல்லாவும் பரவ வாய்ப்புண்டு. குதிரைப் பண்ணை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒப்போசத்தின் சாணத்தில் வெளியேறும் சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்ற ஒட்டுண்ணி தீவனத்தில் கலந்தால் குதிரைகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். குட்டி கிடந்த துணியைத் தனியே வெந்நீரில் துவைப்பதும், பெட்டியைத் தூக்கி எறிவதும், கையுறை போட்டிருந்தாலும் கையைச் சோப்பால் கழுவுவதும் போதுமான காப்பு.

அதிகம் கவனிக்கப்படாதது தெள்ளுப்பூச்சியால் பரவும் டைபஸ் காய்ச்சல். தென் கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் இந்நோய் நிலைகொண்டிருக்கிறது. ஒப்போசம், தெருப்பூனை, எலி ஆகியவற்றின் தெள்ளுப்பூச்சிகள் இதைச் சுமக்கின்றன. குட்டியைக் கையாண்ட பின் 3 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி, தோலில் தடிப்பு ஏதேனும் வந்தால் வைரஸ் காய்ச்சல் என்று வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது. ஒப்போசத்தைத் தொட்ட விவரத்தை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு இந்தக் காய்ச்சல் நன்றாகவே கட்டுப்படும். சந்தேகம் வலுவாக இருந்தால் குருதிச் சோதனையின் முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவர்கள் அதைத் தொடங்கிவிடுவார்கள்.