கறுப்பு வட்டமிட்ட சனிக்கிழமைகள்

அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் சில தேதிகளுக்கு மேல் ஒரு சின்னக் கறுப்பு வட்டம் அச்சிட்டிருக்கும். அமாவாசை. வீட்டில் அன்றைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பார்கள், சிலர் விரதம் இருப்பார்கள், முடிவெட்டப் போக மாட்டார்கள். இன்னொரு சிறு கூட்டமும் அதே வட்டத்தைத் தேடித்தான் காலண்டரைப் புரட்டுகிறது. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் சனிக்கிழமை விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழுந்தால் வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள். நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களின் ஆண்டுத் திட்டம் அங்கேதான் தொடங்குகிறது. தொலைநோக்கி வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

சென்னைவாசிகள் ஒரு காலத்தில் இதற்காக வண்டி ஏற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இன்று வானிலை மையம் இருக்கும் நுங்கம்பாக்கம் வளாகத்தில்தான் அன்றைய மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. 1861 ஏப்ரலில் நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஏசியா’ என்று பெயரிட்டார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறுவிண்மீனை அடையாளம் கண்டார். அது தென்வானத்தின் அடிவாரத்தில் கிடக்கும் விண்மீன். சென்னையில் அது உச்சத்துக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் எழாது. இன்று நுங்கம்பாக்கத்து மொட்டைமாடியில் நின்றால் அந்த உயரத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

ஆகவே ஊரைவிட்டுப் போக வேண்டும். எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி. இணையத்தில் கிடைக்கும் விண்நிகழ்வுப் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்கர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் போட்டவை. அவற்றில் ஆகஸ்ட் மாத எரிகல் பொழிவுக்கு முதல் மரியாதை. தமிழ்நாட்டில் ஆகஸ்டில் பாதி வானம் மேகம். அக்டோபர், நவம்பர் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பட்டியலை அப்படியே நகலெடுத்து ஓர் ஆண்டுக்குத் திட்டமிடுகிறவர், குடை பிடித்துக்கொண்டு மலையேறுவார்.

நம் ஊருக்கு மூன்று கணக்குகள் ஒத்துவர வேண்டும்: நிலவு, மழை, விடுமுறை. 2026ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றும் அபூர்வமாகக் கைகோத்து நிற்கின்றன. ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகள் ஜனவரி 17, பிப்ரவரி 14, மார்ச் 21, ஏப்ரல் 18, மே 16. அமாவாசைக்கு மூன்று நாள் முன்னே பின்னே என்பதைத் தாண்டி ஒன்றுகூட நகரவில்லை. வடகிழக்குப் பருவமழை விடைபெற்று, தென்மேற்குப் பருவமழை எட்டிப்பார்ப்பதற்கு முந்தைய மாதங்களும் இவையே. வருடத்துக்கு ஐந்து முறைதான் போக முடியும் என்கிற குடும்பத்துக்கு இந்த ஐந்தே போதும்.

ஜனவரி 17 காணும் பொங்கல். மறுநாள் தை அமாவாசை. நகரத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். சொந்த ஊரின் களத்துமேட்டைவிட நல்ல வானாய்வகம் வேண்டுமா? ஜனவரி 10 அன்று வியாழன் கோள் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அதாவது இரவு முழுக்க வானில் இருக்கும், ஆண்டிலேயே அதிக ஒளியுடன். நிற்பது புனர்பூசத்துக்குப் பக்கத்தில். பத்து மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலரைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பிடித்தாலே கோளின் இரு பக்கமும் அதன் நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். தெற்கே திரும்பினால் அகத்தியர். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான இந்த விண்மீன் லண்டன்காரர் கண்ணில் எந்நாளும் படாது. ஜவ்வாது மலையில் நிற்பவருக்கு 25 பாகை உயரத்தில் நின்று ஒளிரும்.

ஜவ்வாது மலையைச் சொல்லிவிட்டுக் காவலூரைச் சொல்லாமல் நகர முடியாது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்குப் பேர்போன இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடிய வானியலாளர் வேணு பாப்பு, ஆலங்காயத்தை அடுத்த இந்த மலைக்காட்டைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். 1960களின் இறுதியில் கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பாப்பு 1982இல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வானாய்வகமும் 1986 ஜனவரியில் அவர் பெயரைத் தாங்கின. இரண்டு ஆண்டு கழித்து இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது காவலூரின் வழக்கம். கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது. பெரிய தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதில் யாரும் கண்வைத்துப் பார்ப்பதில்லை, கருவிகள் பதிவுசெய்கின்றன. பார்வையாளர்களுக்கென்று சிறிய தொலைநோக்கி உண்டு. சனிக்கோளின் வளையத்தை முதல்முறை பார்க்கும் பிள்ளைக்கு அதுவே ஏழெட்டு வருடத்துக்குத் தாங்கும்.

பிப்ரவரி 14ஆம் தேதிக்கு மறுநாள் மகா சிவராத்திரி. சிவராத்திரி எப்போதுமே அமாவாசைக்கு முந்தைய இரவுகளில்தான் வரும், ஆக எப்போதுமே நிலவில்லாத இரவு. ஊரே கண்விழிக்கிறது, குழந்தைகளையும் யாரும் தூங்கச் சொல்வதில்லை. நட்சத்திரம் காட்ட இதைவிட வசதியான இரவு பஞ்சாங்கத்தில் இல்லை. ஒரே சங்கடம், கோயில் கோபுரத்தில் கட்டிய குழல்விளக்குகள். கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரை பார்த்து உட்கார்ந்தால் போதும்.

மார்ச் இரண்டு பரிசுகள் தருகிறது. முதலாவதுக்குப் பயணமே வேண்டாம். மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, மாசிப் பௌர்ணமியன்று முழு சந்திர கிரகணம். முழுமை பெற்ற கட்டம் நமக்குப் பகலிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் சென்னையில் மாலை சுமார் 6.20க்கு நிலவு எழும்போதே ஒரு பக்கம் கடித்த அப்பளம்போல எழும், 6.45 தாண்டியதும் முழுதாகிவிடும். கிழக்கே மறைப்பில்லாத இடம் வேண்டும் என்பதால் மெரினா முதல் நாகப்பட்டினம் வரை எந்தக் கடற்கரையும் சரி. அரைமணி நேரக் காட்சிக்குச் சுண்டல் வாங்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

இரண்டாவது, மார்ச் 21. பதினெட்டாம் நூற்றாண்டில் சார்லஸ் மெஸ்ஸியே தொடங்கிவைத்த பட்டியலில் இன்று 110 விண்மேகங்கள், கொத்துகள், அண்டங்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே இரவில் பார்த்து முடிக்கும் ஓட்டப்பந்தயம் மார்ச் அமாவாசையை ஒட்டி மட்டுமே சாத்தியம். உலகெங்கும் இதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். 110 என்பது பித்துப்பிடித்தவர்களுக்கு. மற்றவர்கள் இருபது பார்த்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

ஆனாலும் ஒரே ஒரு இரவுதான் என்று சொன்னால், அது ஏப்ரல் 18 ஆக இருக்க வேண்டும். தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு இத்தனை அருகில் இருப்பதன் முழு லாபமும் அன்றைக்குத்தான் கைக்கு வருகிறது. இரவு 11 மணிவாக்கில் தென்சிலுவை தெற்கே நேராக நிமிர்ந்து நிற்கும். திரிசங்கு என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சற்று நேரத்தில் அதன் இடப்புறம் ஆல்ஃபா செண்டாரி ஏறிவரும், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம். நள்ளிரவுக்கு ஒமேகா செண்டாரி. வெறுங்கண்ணுக்குக் கொஞ்சம் கலங்கிய விண்மீனாகத் தெரியும் இந்தக் கொத்தில் சுமார் ஒரு கோடி விண்மீன்கள். வடநாட்டு நண்பர்கள் இதைப் பார்க்க ஏங்குவார்கள். நமக்கு 30 பாகை உயரத்தில் சும்மா கிடக்கிறது. இரண்டு மணிக்கு மேல் விழித்திருப்பவருக்குப் பால்வீதியின் மையப்பகுதி கேட்டை நட்சத்திரத்துக்குப் பின்னால் புகைபோல எழும். இதை ஜூலையில் முன்னிரவிலேயே பார்க்கலாமே என்று வெளிநாட்டுப் பட்டியல் சொல்லும். ஜூலை மேகம் அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை.

இதற்குத் தெற்கு அடிவானம் திறந்திருக்கும் இடமாகத் தேட வேண்டும். தெற்கே நகரம் இருக்கக் கூடாது. கொல்லிமலை இந்த வகையில் நல்ல தேர்வு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் சமவெளிபோல விரிகிறது. அங்கே இருள்வான் பூங்கா அமைப்பதாகத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. லடாக்கின் ஹான்லேயும் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் ஏற்கெனவே இந்த வரிசையில் இடம்பிடித்துவிட்டன. ஊரெல்லாம் வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு மாட்டிய பிறகு இப்படிப்பட்ட இடங்களின் அருமை கூடியிருக்கிறது. வெள்ளை ஒளியிலுள்ள நீலம் காற்றில் அதிகம் சிதறும்; பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிட இது வானத்தைக் கூடுதலாக வெளுக்கிறது. மின்சாரம் மிச்சம், இருட்டு நஷ்டம்.

மே 16 பள்ளி விடுமுறைக் காலம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் கோடை விழா வெளிச்சமும் வாகன நெரிசலும் இருக்கும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல். கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் வேறு. அக்னி நட்சத்திரம் என்று நாம் சொல்வது சூரியன் கார்த்திகை விண்மீன்களை ஒட்டிக் கடக்கும் நாட்களை. எனவே பெயரிலே நட்சத்திரம் இருக்கும் அந்த நாட்களில் அந்த நட்சத்திரத்தை மட்டும் பார்க்கவே முடியாது.

ஜூன் முதல் திட்டத்தைத் தளர்த்திக்கொள்ளலாம். ஜூன் 9 மாலை மேற்கே வெள்ளியும் வியாழனும் ஒன்றரைப் பாகைக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் ஒட்டி நிற்கும். அதாவது நடுவே மூன்று நிலவை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவுதான். நெரிசலான தெருவிலிருந்தும் தெரியும். ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. அன்று ஸ்பெயினில் முழு சூரிய கிரகணம்; நமக்கு அப்போது இரவு. ஆனால் சூரிய கிரகணம் என்றாலே அமாவாசை என்பதால், அன்று பின்னிரவு வரும் பெர்சியஸ் எரிகல் பொழிவுக்கு நிலவுத் தொல்லை கிடையாது. மேகம் விலகினால் லாபம். இதற்காக யாரும் விடுப்பு எடுக்க வேண்டாம்.

அக்டோபர் 10 மகாளய அமாவாசை, புரட்டாசிச் சனிக்கிழமையும்கூட. பெருமாள் கோயில் இருக்கும் மலை எல்லாம் நிரம்பி வழியும் என்பதை நினைவில் வைத்து இடம் பார்க்க வேண்டும். சனிக்கோள் அந்த வாரம் ஆண்டிலேயே நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2025 மார்ச்சில் கோடுபோல ஒடுங்கிப்போன அதன் வளையங்கள் மெல்லத் திறந்துகொண்டிருக்கின்றன. சனிக்கிழமையில் சனியைப் பார்க்கலாமா என்று பாட்டிமார்கள் தயங்கக்கூடும். தொலைநோக்கியில் ஒருமுறை காட்டினால் தயக்கம் போய்விடும். அடுத்த அமாவாசை தீபாவளியோடு வருகிறது. வெடிப்புகை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் சேர்ந்த அந்த இரவை ஆண்டுத் திட்டத்திலிருந்தே அடித்துவிடலாம்.

தேதி முடிவானதும் அனுமதி. தமிழ்நாட்டில் நல்ல இருட்டு இருக்கும் இடங்களில் பெரும்பாலானவை காப்புக்காடுகள். திம்பம் போன்ற மலைப்பாதைகளில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பல சோதனைச்சாவடிகள் பொழுது சாய்ந்ததும் மூடிவிடும். யானை நடமாடும் வழியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு விண்மீன் எண்ணுவது வீரமாகாது. மலைமேல் இருக்கும் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டுக் களம், பள்ளிக்கூட மைதானம், தங்கும் விடுதியின் மாடி இவைதான் நடைமுறைக்கு ஒத்தவை. விளக்கை அணைக்கச் சொல்லி விடுதிக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

கொண்டுபோகும் சாமான்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஜமுக்காளம், குல்லா, பிளாஸ்க்கில் சுக்குக் காபி, ஒரு பைனாகுலர், சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒரு செல்போன் திரை அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். எந்தக் குழுவிலும் வாட்ஸ்அப் பார்க்கும் ஒருவர் இருப்பார். அவரைச் சமையலுக்கு அனுப்பிவிடுவது வழக்கம்.

டிசம்பர் 14 திங்கட்கிழமை இரவு ஜெமினிட்ஸ். ஆண்டின் ஆகச் சிறந்த எரிகல் பொழிவு, நமக்குத் தலைக்கு மேலேயே நடப்பது. பிறை பத்து மணிவாக்கில் மறைந்துவிடும், பிறகு விடியும்வரை இருட்டு. மழைதான் ஒரே வில்லன். அனுபவசாலிகள் இதற்கு இடம் முன்பதிவு செய்வதில்லை. இரண்டு நாள் முன்னால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மேகம் இல்லாத பக்கமாக வண்டியைத் திருப்புகிறார்கள். தாழ்வுமண்டலம் கடலோரத்தை மூடியிருந்தால் மேற்கே தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டிப் போகவும் தயாராக இருப்பார்கள். மறுநாள் அலுவலகத்தில் தூங்கி வழிந்தாலும் 2026இல் இதைத் தவறவிடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 2027 காலண்டரில் டிசம்பர் 13ஆம் தேதிக்கு மேல் இருக்கப்போவது கறுப்பு வட்டமல்ல, வெள்ளை வட்டம்.